சிவநேசன் குடும்பத்தாரின் இருநூறு மணி நேரம்

எனக்கு ஒரு அடையாள அட்டை கொடுத்திருக்கிறார்கள். நீல நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதில் என் படம் இருக்கிறது, கொளஞ்சி என்று பெயர் இருக்கிறது, அதற்குக் கீழே தொழில்நுட்ப ஆதரவாளர் என்றும் இருக்கிறது. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது என் மனைவி தங்கம்மாள் கிட்டே வந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இன்னாத்த ஆதரிக்கப் போறீங்க?" என்றாள்.

"பொட்டிய."

"வூட்ல ஒரு பொண்டாட்டி இருக்கா, அவள ஆதரிக்க ஒரு அட்டயும் காணும்" என்று சொல்லிவிட்டு உலை பார்க்கப் போய்விட்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை, காலாண்டுப் பரீட்சை வரைதான். எங்கள் பெரியப்பா மகன் ரேடியோ செட் வைத்திருந்தார். குழாய் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு தென்னை மரம் ஏற எலும்பும் தோலுமாக ஓர் ஆள் தேவைப்பட்டது. வகுப்பிலேயே ஒல்லியானவன் நான்தான். ஏறியவன் இறங்கவில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் எத்தனை ஊர் உண்டோ அத்தனை ஊரிலும் கல்யாணம், காதுகுத்து, கருமாதி மூன்றிலும் ஐம்பது வருஷமாக என் குரல் கேட்டிருக்கிறது. நல்ல குரல் என்று யாரும் சொன்னதில்லை. பலத்த குரல் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தத் தொழிலில் எனக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. யாருக்கு யார் என்ன முறை என்பது மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிடும். மேடைக்குக் கூப்பிடும்போது தாய்மாமனை விட்டுவிட்டுச் சித்தப்பாவைக் கூப்பிட்டால் பந்தல் கால் பிடுங்கப்படும், பிடுங்கியவர்கள் முதலில் தேடி வருவது மைக் பிடித்தவனைத்தான். உயிருக்குப் பயந்து கற்றதால் மறக்கவே மாட்டேன் என்கிறது. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பது தெரியாது. பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருந்தவரின் இரண்டாவது கொழுந்தியாள் எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டாள், என்ன மாசத்தில் வளைகாப்பு நடந்தது என்பது தெரியும்.

முகாமுக்கும் மைக் செட்டோடுதான் முதலில் போனேன். இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களைத் தொண்ணூறாம் வருஷம் எங்கள் பக்கத்தில் கொண்டுவந்து குடிவைத்தார்கள். முகாமின் பெயரை எழுதவில்லை, அங்கே இருப்பவர்களுக்கு ஏற்கெனவே போதுமான விசாரணை இருக்கிறது. பெயர் வாசித்துக் கணக்கெடுக்க அதிகாரிகளுக்கு ஒரு மைக் தேவைப்பட்டது. அன்றைக்குப் போனவன் அங்கேயும் மூக்கை நுழைத்து, யார் யாருக்கு அக்காள், யார் யாருக்கு மைத்துனர் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். முப்பத்து நாலு வருஷத்தில் அவர்கள் வீட்டு விசேஷம் எல்லாம் என் செட்டில்தான் நடந்தது. அவர்களுக்கு நான் மைக்செட் ஐயா.

இந்த நிலைமையில்தான் வெண்மதி வந்தாள். சிதம்பரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. அவள் அப்பா தேவசகாயம் கல்யாணத்துக்கு நான்தான் செட் போட்டேன், அதனால் அவளால் என்னிடம் கறாராகப் பேச முடியாது. சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"மாமா, இதுக்குள்ள ஒண்ணாங் கிளாஸ்லேருந்து பன்னெண்டாங் கிளாஸ் வரைக்கும் பாடம் இருக்கு. வீடியோ, கணக்கு, கேள்வி பதில் எல்லாம். முகாம்ல டவர் எடுக்காது, நெட்டு கிடையாது. இதுக்கு நெட்டு வேணாம். இது பக்கத்துல டேப் எடுத்துக்கினு வந்தா போதும், பாடம் தானா வரும். ஒண்ணே ஒண்ணுதான். கரண்ட் போவாம பாத்துக்கணும். அதுக்குத்தான் நீங்க."

"ஏரியல் எங்க மாட்டறது?"

"ஏரியல் கிடையாது மாமா."

"அப்ப ஏறவே வேணாமா?" என்று கேட்டேன். உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

முகாமில் பழைய ரேஷன் கிடங்கு ஒன்று இருந்தது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது. அதைத்தான் கற்றல் மையம் ஆக்கினார்கள். பன்னிரண்டு டேப். காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு வரை திறந்திருக்கும், அதற்குமேல் அனுமதி இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவார்கள். பகலில் பெண்கள் வருவார்கள். மாசம் ஒருமுறை நான் பெட்டியை வயர் கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடி, சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவேன். அங்கே ஆபீஸில் புதுப் பாடம் ஏற்றி, யார் எவ்வளவு படித்தார்கள் என்ற விவரத்தை இறக்கிக்கொள்வார்கள்.

ஒரு தடவை கண்டக்டர் கூடையைப் பார்த்தார். "இன்னா தாத்தா அதுல?"

"ஒண்ணாங் கிளாஸ்லேருந்து பன்னெண்டாங் கிளாஸ் வரைக்கும்."

"அத்தன பேருக்கும் டிக்கெட்டு எடுத்தியா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். தொழில்நுட்பத்தை ஆதரிப்பவன் இதையெல்லாம் தாங்கித்தான் ஆக வேண்டும்.

நான் செய்த தப்பு இனிமேல்தான் வருகிறது. மையம் தொடங்கிய முதல் வாரம் வெண்மதிக்குக் காய்ச்சல். டேப்பைத் திறந்தால் பெயர் கேட்கும். ஒவ்வொருவர் பெயரையும் அதில் ஏற்றி வைக்க வேண்டும். அதை என்னிடம் சொல்லிவிட்டு அவள் ஊருக்குப் போய்விட்டாள். "யார் யார் படிக்கறாங்களோ அவுங்க பேரப் போட்டுடுங்க மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஒரு விரலால் தட்டித் தட்டி மூன்று நாள் உட்கார்ந்து ஏற்றினேன். மொத்தம் ஐம்பத்தெட்டு பெயர்.

முகாமில் ஐம்பத்தெட்டு வீடு.

மேடைக்கு ஒரு வீட்டை எப்படிக் கூப்பிடுவோம்? வீட்டுத் தலைவர் பெயரைச் சொல்லி, குடும்பத்தார் என்று முடிப்போம். பத்திரிகையில் அப்படித்தான், குடும்ப அட்டையில் அப்படித்தான், முகாம் பதிவேட்டிலும் அப்படித்தான். ஐம்பது வருஷப் பழக்கம். அப்படியே ஏற்றினேன். இரண்டு வருஷமாக, உதாரணத்துக்கு, சிவநேசன் வீட்டிலிருந்து யார் டேப்பைத் திறந்தாலும் அது அவர்களை "வணக்கம், சிவநேசன் குடும்பத்தார்!" என்று வரவேற்றது. கணக்கைச் சரியாகப் போட்டால், "வாழ்த்துகள், சிவநேசன் குடும்பத்தார்! ஒரு நட்சத்திரம் பெற்றீர்கள்!" என்றது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மரியாதையாகக் கூப்பிடுகிறது என்று நினைத்திருக்கிறார்கள். சிதம்பரத்தில் விவரத்தை இறக்கிக்கொண்டவர்களும் ஐம்பத்தெட்டு பேர் நன்றாகப் படிக்கிறார்கள் என்று சென்னைக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் வெளியே வந்தது யோகமலரால். சிவநேசனின் மனைவி. படகில் வரும்போது அவளுக்கு ஐந்து வயது. முகாமிலேயே வளர்ந்து, எட்டாவதோடு நிறுத்தப்பட்டு, பெயின்ட் அடிக்கும் சிவநேசனுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். கல்யாணத்துக்கு என் செட்தான். ஒரே மகள் நிரோஜினி ஒன்பதாவது படிக்கிறாள். மையம் தொடங்கிய நாளிலிருந்து, ஊரில் இருந்தால் யோகமலர் ஒரு நாள் விட்டதில்லை. மகளையும் புருஷனையும் அனுப்பிவிட்டு, முந்திரிக்கொட்டை உடைத்த கறை போகாத கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். விட்ட இடத்திலிருந்து ஒன்பதாவது கணக்கு, பத்தாவது அறிவியல் என்று ஏறிக்கொண்டே போனாள். பக்கத்துப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுப்பாள்.

போன மாசம் நிறுவனம் ஒரு அறிவிப்பு அனுப்பியது. முகாமிலேயே ஒரு பெண்ணை மையத்தின் கற்றல் துணையாளராக, சம்பளத்துக்கு வைக்கப் போகிறார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று. மாசக் கடைசிக்குள் பெட்டியில் இருநூறு மணி நேரம் படித்திருக்க வேண்டும். அப்படி முகாமில் யாரும் இல்லாவிட்டால், சிதம்பரத்திலிருந்து ஒருவர் வாரம் இரண்டு நாள் வந்து போவார், மற்ற நாள் பூட்டு.

யோகமலர் அறிவிப்பை இரண்டு தடவை படித்தாள். முப்பத்தொன்பது வயதில் அவள் பெயருக்கு முதல்முறையாக ஒரு வேலை. மனு எழுதினாள். வெண்மதி பெட்டியில் பெயரைத் தேடினாள்.

"மாமா, யோகமலர்னு யாருமே இல்லயே."

"இருக்கே. சிவநேசன் குடும்பத்தார்."

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை என்ன சொல்ல. தேவசகாயம் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் என் ஸ்பீக்கர் வீல் என்று கத்தியது, அப்போது பாதிரியார் பார்த்த பார்வை அது.

"அம்மா, பொண்ணு, அப்பா எல்லாரும் ஒரே பேர்லயா? ஐம்பத்தெட்டு வீடும் அப்படியா? ரெண்டு வருஷமாவா?"

"நீ யார் யார்னு கேட்டியா, நான் எந்த எந்த வூடுன்னு…"

"மாமா, பேசாதீங்க."

யோகமலர் வாசலில் நின்றிருந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. "அப்ப நான் படிச்சது ஒண்டும் என்ட பேரில இல்லையா, ஐயா?" என்று மட்டும் கேட்டாள். நான் கூரையைப் பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸில் ஒரு விரிசல் இருந்தது. அது வழியாகப் போய்விடலாமா என்று யோசித்தேன்.

முடிவு செய்ய வேண்டியவர் தமிழ்மணி சார். நிறுவனத்தின் கண்காணிப்பாளர். கெட்டவர் இல்லை, ஆனால் தாளில் இல்லாதது அவருக்குக் கண்ணில் படாது. மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை மத்தியானம், விவரத்தை எல்லாம் அச்சடித்து எடுத்துக்கொண்டு வந்தார். எந்தத் தேதி, எந்த மணி, எந்தப் பாடம் என்று பெட்டி அத்தனையும் குறித்து வைத்திருந்தது. யார் என்பதைத் தவிர.

"பள்ளிக்கூட நாள்ல முற்பகல்ல நடந்த பாடத்தை யோகமலர் அம்மா படிச்சதுன்னு ஏத்துக்கறேன். அந்த நேரத்துல பொண்ணு ஸ்கூல்ல, வீட்டுக்காரர் வேலையில. அது நூத்தி எழுபது மணி நேரம் வருது" என்றார். "லீவு நாள்ல நடந்தது யாருன்னு எப்படித் தெரியும்? அம்மாவும் ஒம்பதாவது பாடம் பாக்கறாங்க, பொண்ணும் ஒம்பதாவது."

முப்பது மணி நேரம் குறைகிறது.  எனக்கு அப்போதுதான் மண்டையில் விளக்கு எரிந்தது. லீவு நாள் என்றால் விசேஷ நாள். விசேஷ நாள் என்றால் என் ராஜ்ஜியம்.

"அந்தத் தாளக் குடுங்க சார்" என்றேன்.

சித்திரை இரண்டாம் ஞாயிறு, மூன்று மணி நேரம். அன்றைக்கு நிரோஜினியின் பெரியப்பா மகளுக்கு மஞ்சள் நீராட்டு, லால்பேட்டை போகிற வழியில் ஒரு மண்டபத்தில். நிரோஜினி தட்டு தூக்கினாள், மூன்றாவது தட்டு, ஆப்பிள் தட்டு. மைக்கில் வரிசையைச் சொன்னவன் நான். அம்மா அன்றைக்கு வரவில்லை, கால் சுளுக்கு. ஆகவே படித்தது அம்மா. ஆவணி மாசத்தில் ஒரு நாள், நான்கு மணி நேரம். அன்றைக்கு நிரோஜினி சித்தி கணவரின் தங்கை நிச்சயதார்த்தத்தில் இருந்தாள், பாவாடையில் பாயசம் கொட்டிக்கொண்டு அழுதாள். ஆகவே அதுவும் அம்மா.

தமிழ்மணி சார் நம்பவில்லை. முகாமை விட்டு வெளியூர் போனால் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். அந்தப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொரு தேதியாகப் புரட்டினார். நான் சொன்னது ஒன்றும் தப்பவில்லை. ஆறாவதாகப் பார்த்த தேதியில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பெரியவரே, எப்படி இது?" என்றார்.

அந்த ஒரு கேள்வி போதும், நான் வீங்கிப் போனேன். வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டேன். வெண்மதிகூட முதல் முறையாகச் சிரித்தாள். நூற்றெழுபது நூற்றெண்பத்தைந்து ஆயிற்று, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ஆயிற்று. கடைசியாக மாசி மாசத்தில் வரிசையாக ஐந்து ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம். மொத்தம் பத்து. அதையும் சேர்த்தால் இருநூற்றிரண்டு.

"அந்த அஞ்சு ஞாயிறும் நிரோஜினி இங்க இல்ல சார். அவ சின்னம்மாவுக்கு, அதான் யோகமலரோட தங்கச்சிக்கு, விருத்தாசலம் பக்கத்து முகாம்ல பிரசவம். பாத்துக்கப் போயிருந்தா."

சார் பதிவேட்டைத் திறக்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை வந்துவிட்டது. பேனாவை எடுத்துக்கொண்டே சும்மா பேச்சுக்குக் கேட்டார். "பதிநாலு வயசுப் பொண்ணு. அவ்ளோ தூரம் தனியாவா அனுப்பினாங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பத்து நாலு வருஷமாக எனக்குத் தெரிந்த குடும்பம். வயசுப் பிள்ளையைத் தனியே பஸ் ஏற்றி அனுப்புகிறவர்களா அவர்கள்?

"தனியா அனுப்புவாங்களா சார்? அம்மாதான் கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போனாங்க! அஞ்சு வாரமும்!"

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது. ஐம்பது வருஷம் மைக் பிடித்தவனுக்குத் தன் குரல் தன் காதுக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்கிறது. வெண்மதி கண்ணை மூடிக்கொண்டாள். தமிழ்மணி சார் பேனாவை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தப் பத்து மணி நேரம் யாரு?"

மணி ஆறை நெருங்கியிருந்தது. கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. வேலை முடிந்து வந்த சிவநேசன், முழங்கை வரை வெள்ளைப் பெயின்டோடு, உள்ளே வராமல் நின்றான்.

"அது நான்" என்றான்.

யோகமலர் திரும்பிப் பார்த்தாள்.

"அஞ்சாம் வகுப்புக் கணக்கு. நீளம், அகலம், பரப்பளவு. சுவரைப் பாத்தா எத்தன லிட்டர் பெயின்ட் பிடிக்குமெண்டு எனக்குச் சரியாச் சொல்லத் தெரியேல்ல. மேஸ்திரி எல்லார் முன்னாலயும் சிரிப்பார். இவளுக்குத் தெரிஞ்சா வெக்கம் எண்டு, இவள் ஊருக்குப் போன ஞாயிறுகளில, ஐயா மைக் செட்டோட வெளிய போன நேரமாப் பாத்து வந்து படிச்சன்."

தாளைப் பார்த்தோம். ஐந்து ஞாயிறும் ஐந்தாம் வகுப்புப் பரப்பளவுதான். பெட்டி அதையும் சரியாகத்தான் எழுதி வைத்திருந்தது. நாங்கள்தான் தேதியையே பார்த்தோம், பாடத்தைப் பார்க்கவில்லை. என் ஞாபகம் ஏற்றி வைத்த பத்து மணி நேரத்தை என் வாயே இறக்கி வைத்தது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

சிவநேசன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். யோகமலர் அவனைத் திட்டவில்லை.  "பிறகு கதைப்பம்" என்றாள். தமிழ்மணி சாரிடம் திரும்பினாள்.

"எட்டு மணித்தியாலம்தானே குறையுது, சார்? மாசம் முடிய இன்னும் ரெண்டு நாள் கிடக்குது."

சார் யோசித்தார். "புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பெட்டியிலேர்ந்து கணக்கு எடுப்போம். அதுக்குள்ள உங்க சொந்தப் பேர்ல எட்டு மணி நேரம் இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல. அஞ்சு மணிதான், அதுக்கு மேல என் கையில இல்ல."

வெண்மதி அங்கேயே உட்கார்ந்து யோகமலர் என்று ஒரு பெயரை ஏற்றினாள். என்னை மேசைப் பக்கம் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை முகாமில் தணிக்கை. அதிகாரிகள் வந்து ஒவ்வொரு குடும்பமாக ஆள் பார்த்துக் கையெழுத்து வாங்கும் நாள். காலையிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும், எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. யோகமலரின் முறை வந்தபோது மையம் மூடும் நேரம் ஆகிவிட்டது. மீதம் இருந்தது புதன்கிழமை ஒன்றுதான். அன்றைக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை கரண்ட் இல்லை. பெட்டிக்கு என்று கொடுத்திருந்த சின்ன பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும்.

என்னிடம் மைக் செட்டுக்கான இன்வர்ட்டர் இருந்தது. நாள் முழுக்க ஓடும். ஆனால் அதே புதன்கிழமை, திருவந்திபுரத்தில், என் தங்கை விருத்தாம்பாளின் பேரனுக்குக் காதுகுத்து. மைக் செட் நான்தான். ஆறு மாசமாக அவள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மண்டபத்தில் செட்டுக்குக் கரண்ட் தர மாட்டார்கள், ஆகவே இன்வர்ட்டர்.

தங்கம்மாளிடம் சொன்னேன். "இன்வர்ட்டர முகாம்ல வுட்டுட்டு நீங்க மட்டும் வாங்க" என்றாள்.

அது முடியாது. அந்த இன்வர்ட்டர் என்னைவிடக் கிழடு. சூடேறினால் நின்றுவிடும். நின்றால் எந்த இடத்தில் தட்ட வேண்டும், எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எழுதி வைக்கிற விஷயம் இல்லை அது.

"அப்ப உங்க தங்கச்சிக்கு இன்னா பதில் சொல்றது?"

"நீ போய்ச் சொல்லு."

"நல்லாருக்கே. மாட்டி வுடறதுக்கு மட்டும் பொண்டாட்டி" என்றாள். ஆனால் போனாள். சீர்த்தட்டை ஒற்றையாளாகத் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினாள்.

என் வம்சத்தில் ஒரு விசேஷத்தை நான் தவறவிட்டது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் குடும்பத்தை எல்லாம் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, சொந்தக் குடும்பத்தின் காதுகுத்துக்குப் போகாமல் ரேஷன் கிடங்கில் ஒரு இன்வர்ட்டர் முன்னால் குந்தியிருந்தேன்.

யோகமலர் ஏழு மணிக்கே வந்துவிட்டாள். டேப்பைத் திறந்தாள். "வணக்கம், யோகமலர்!" என்றது.  சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பத்தாவது முக்கோணவியலில் இறங்கினாள். சும்மா திறந்து வைத்திருந்தால் அந்தப் பெட்டி நேரத்தைச் சேர்க்காது. பாடம் பார்க்க வேண்டும், கணக்குப் போட வேண்டும், விரல் ஓட வேண்டும். அவள் தலை நிமிரவில்லை.

ஒன்பதுக்குக் கரண்ட் போனது, சின்ன பேட்டரி பதினொன்று வரை தாங்கியது. அதற்குப் பிறகு இன்வர்ட்டர் உறுமிக்கொண்டு எழுந்தது. பதினொன்றரைக்கு முதல் தடவை நின்றது. தட்டினேன். எழுந்தது. பன்னிரண்டரைக்கு மறுபடி நின்றது. தட்டினேன், எழவில்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினேன், எழவில்லை. யோகமலர் நிமிர்ந்து பார்த்தாள். டேப்பில் பாடம் நின்றுபோயிருந்தது. ஐந்து மணி நேரம் ஓடியிருந்தது, இன்னும் மூன்று வேண்டும்.  பின்பக்க மூடியைக் கழற்றி, விசிற ஏதாவது கிடைக்குமா என்று சட்டைப் பையைத் துழாவினேன். தங்கை வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகை இருந்தது, நல்ல தடித்த அட்டை. அதை வைத்துக் கால் மணி நேரம் விசிறினேன். மூன்றாவது தட்டுக்கு எழுந்தது. அதற்குப் பிறகு விசிறுவதை நான் நிறுத்தவே இல்லை.

ஒன்றரைக்குப் போன் வந்தது. விருத்தாம்பாள்.

"அண்ணே, உனக்குக் கூடப்பொறந்தவன்னு பேரு ஒரு கேடா?" என்று ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே போனது. முகாமில் இருக்கிறவர்கள் உனக்கு யார், என் பேரன் உனக்கு யார் என்று கேட்டாள். இரண்டுக்கும் என்னிடம் சரியான முறைப் பதில் இருந்தது, ஆனால் சொல்லவில்லை. மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"விசேஷம் எப்படிம்மா நடந்துச்சு?" என்றேன்.

"நடந்துச்சு." குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒண்ணு சொல்றன், கோச்சிக்காத. மைக்கு இல்லாம ரொம்ப அமைதியா இருந்துச்சுன்னு வந்தவங்கல்லாம் சொல்றாங்க. குத்தும்போது புள்ள அழுதது அத்தன பேருக்கும் கேட்டுச்சு. என் புள்ளைங்களுக்குக் குத்தனப்போ உன் பாட்டுச் சத்தத்துல அழுதுச்சா இல்லியான்னே எனக்குத் தெரியாது. இனிமே நம்ம வூட்டு விசேஷத்துக்கு நீ கையக் கட்டிக்கினு வந்தா போதும்."

போனை வைத்துவிட்டாள். ஐம்பது வருஷத் தொழிலைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு எடுத்துச் சொன்னதில்லை.

நாலே கால் மணிக்கு டேப்பின் மூலையில் எட்டு மணி நேரம் என்று வந்தது.  "யோகமலர், முடிஞ்சிச்சு, எழுந்திரும்மா!" என்று கத்தினேன். மைக் இல்லாமலே முகாம் முழுக்கக் கேட்டிருக்கும்.

அவள் தலையைத் தூக்காமல் கையைக் காட்டினாள். "பொறுங்கோ ஐயா. இந்தக் கணக்கு இன்னும் வரேல்ல."

அந்தக் கணக்கை அவள் போட்டு முடிக்க இன்னும் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. நான் விசிறிக்கொண்டே இருந்தேன்.

ஐந்து மணிக்கு வெண்மதி வந்து கணக்கை எடுத்தாள். பன்னிரண்டு நாள் கழித்து வேலைக்கான கடிதம் வந்தது, யோகமலர் என்ற பெயருக்கு. அவள் சேர்ந்த முதல் நாள் என்னைக் கூப்பிட்டாள். கழுத்தில் அதே நீல நாடா.

"ஐயா, கோவிக்கக்கூடாது. இனிமேல் நீங்கள் கரண்ட் மட்டும் பாருங்கோ. பேர் ஏத்துற வேலைய நான் பாக்கிறன்."

"சரிம்மா" என்றேன். 

ஒரு வாரத்தில் முகாமில் வீடு வீடாகப் போய் நூற்றுப் பதினாறு பெயர் ஏற்றினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சிவநேசன் மையத்துக்கு வந்தான். இந்த முறை ஒளிந்து வரவில்லை, ஆனால் கடைசி மூலையில் போய் உட்கார்ந்தான். டேப்பை எடுக்கக் கையை நீட்டினான். மேசையிலிருந்தே யோகமலர் அதட்டினாள்.

"பெயின்ட் கையோட தொடாதையுங்கோ! கழுவிப்போட்டு வாங்கோ!"

அவன் எழுந்து, யாரையும் பார்க்காமல், குழாயடிக்குப் போனான்.